இருபத்துநான்கு காலிக் கட்டில்கள்

காலை ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. கன்னியப்பன் அலுவலகம் கொடுத்த செல்போனைக் காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, துண்டு நுனியால் துடைத்து, கூடத்தின் வாசல் பக்கச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார். அங்கே நின்றால்தான் இருபத்துநான்கு இரும்புக் கட்டில்களும் ஒரே படத்தில் விழும். முப்பது வருஷம் உப்புப் பாத்தியை மிதித்துச் சமன் செய்த கால்கள் அவருடையவை. கோணல் கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் ஒவ்வொரு விரிப்பையும் சுருக்கம் இல்லாமல் இழுத்து, நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் செருகி, தலையணைகளை நூல் பிடித்தாற்போல் வைத்திருந்தார். படம் எடுத்தார். பேரூராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சற்று நேரத்தில் செயல் அலுவலர் தேவநாதனிடமிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் வந்தது. உப்பளத்தில் அவர் வாரிக் குவித்த உப்புக்கு யாரும் ஒரு நாளும் விரலைக் காட்டியதில்லை. அந்தக் கட்டைவிரலை மனைவி முத்தம்மாளிடம் காட்டியபோது, "எதுக்கும் பத்திரமா வெச்சிக்கோ, கைநாட்டு வெக்கறதுக்கு ஆவும்" என்றாள் அவள்.

அந்தக் கட்டில்கள் வந்த கதை இது. சேத்துக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்தில் இருந்த குடிசைகளைப் பிடுங்கினார்கள். மாற்றிடம் உண்டு என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. பத்தொன்பது குடும்பங்கள், மொத்தம் அறுபத்தோரு பேர், சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவே கால்வாய்க் கரையில் நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வருஷம் யார் கண்ணையும் அந்த நீலம் உறுத்தவில்லை. எதிரே ஒரு ரிசார்ட் வந்தது. அதன் மாடி அறைகளில் படுத்திருப்பவர்களுக்குக் கடலின் நீலம் தெரிந்தது, கூடவே தார்ப்பாயின் நீலமும் தெரிந்தது. சுற்றுச்சூழலில் திடீர் அக்கறை கொண்ட ஒருவர் வழக்குப் போட்டார். கோர்ட்டு நியாயமாகவே ஒரு வார்த்தை சொன்னது: படுக்க வேறு இடம் கொடுக்காமல் ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தீர்ப்பு வந்த அன்றைக்குக் கால்வாய்க் கரையில் கேசரி கிளறினார்கள்.

தேவநாதன் அந்தத் தீர்ப்பை ஐந்து முறை படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு அதில் மனிதர்கள் மறைந்து கட்டில்கள் தெரிந்தன. பாழடைந்து கிடந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு ரோஜா நிறத்தில் வண்ணம் அடித்தார்கள். நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். 'மாண்புறு துயில் இல்லம்' என்று பெயர்ப் பலகை. அதில் வீடற்றவர் என்ற சொல்லே வரக் கூடாது, அது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும் என்று தேவநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். உறக்கம் ஓர் உரிமை என்றார். குத்துவிளக்கு, ரிப்பன், சால்வை எல்லாம் முடிந்து கடைசியில் விருந்தினர்கள் கட்டில்களில் உட்கார்ந்து வடை தின்றார்கள். காவலாளி வேலைக்கு அந்த மக்களிலேயே ஒருவரைப் போட்டால் செய்தித்தாளில் நன்றாக இருக்கும் என்று கன்னியப்பனைக் கூப்பிட்டார்கள். உப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கி ஒரு கண் புகை படிந்துபோனதால் அவர் அந்த வருஷம் பாத்தி வேலையை விட்டிருந்தார்.

இல்லத்துக்கு விதிகள் இருந்தன. இரவு எட்டு மணிக்குக் கதவு திறக்கும், மூடினால் காலை ஆறுக்குத்தான் திறக்கும். மூட்டை முடிச்சு, அடுப்பு, குழந்தைகள் கூடாது. ஆதார் அட்டையில் சேத்துக்கரை முகவரி இருக்க வேண்டும். இவர்கள் அட்டையில் இருந்த முகவரி இப்போது சாலையின் நடுக்கோடு.

ஆதாரைக்கூட எப்படியாவது சமாளித்திருக்கலாம். ஆறு மணியை என்ன செய்வது? வெயில் ஏறினால் பாத்தியில் காலை வைக்க முடியாது. உப்பின் வெளிச்சமே கண்ணை எடுத்துவிடும். அதனால் விடியற்காலை மூன்று மணிக்கே வரப்பில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குள் வாரிக் குவித்துவிட்டுக் கரையேற வேண்டும். மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. விதிகளை எழுதியவருக்கு, சாம்பாரில் உப்பு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது என்பதற்கு மேல் தெரியாது.

ஆவணியில் நாலைந்து நாள் மழை பிடித்துக்கொண்டபோது தார்ப்பாய் ஒழுகியது. ஆண்கள் பிள்ளைகளோடும் சாமானோடும் அங்கேயே குந்திக்கொள்ள, உப்பு வாரப் போகும் பெண்கள் பதினோரு பேர் நனைந்த தலையோடு இல்லத்து வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது சைபுன்னிசா. புருஷன் சவூதி போய் இன்னொரு நிக்காஹ் செய்துகொண்ட பிறகு, யாருக்கும் பயப்படுவதை விட்டுவிட்டவள்.

"அண்ணே, உம்ம மாளிகைல நாலு மணி நேரம் கண்ண மூடிக்கலாமா? இல்ல அதுக்கும் போட்டோ ஸ்டாட் வேணுமா?"

"ஆதார் இல்லாம நோட்ல பேர் எழுத முடியாதும்மா."

"எழுத வேணாம். என் பேர எழுதி எழுதியே என் வூடு போச்சி. மூணு மணிக்கு முன்னாடி தொறந்து வுடு, அது போதும்."

கன்னியப்பன் பேர் எழுதாமல் உள்ளே விட்டார். இரண்டே முக்காலுக்குப் பூட்டைத் திறந்து வெளியே விட்டார். இரண்டுமே விதிமீறல். ஐம்பத்தாறு வயதில் தான் செய்த ஒரே சட்டவிரோதம் இதுதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மழை விட்ட பிறகும் பெண்கள் வந்தார்கள். மின்விசிறி இருந்தது, பாம்பு இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. முத்தம்மாளுக்கு ஏழாம் எண் கட்டில். அவர்கள் போன பின் கன்னியப்பன் விரிப்புகளை உதறி, தலைமுடி பொறுக்கி, மூலைகளைச் செருகி, உப்பு மணல் ஒரு பொட்டு இல்லாமல் பெருக்குவார். யார் வந்து பார்த்தாலும் பதினோரு பெண்கள் அங்கே படுத்து எழுந்ததற்கு அடையாளம் இருக்காது. ஆறு மணிக்குப் படம். பதிவேட்டில் 'காலை 6 மணி இருப்பு' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். அவருடைய பூஜ்யம் வட்டமாக, அழகாக இருக்கும்.

புரட்டாசி நடுவில் வக்கீல் ஜான்சன் திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்தார். காசு வாங்காமல் இவர்கள் வழக்கை நடத்துகிறவர். அதனால் அவருக்குத் தூக்கமும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. தார்ப்பாய்களின் முன்னால் வண்டியை நிறுத்தி, பேரூராட்சி கோர்ட்டில் போட்ட பிரமாணப் பத்திரத்தைப் படித்தார். தரமான தங்குமிடம் அமைத்தும் ஆக்கிரமிப்பாளர்கள் ஒருவர்கூட வரவில்லை. வேண்டுமென்றே மறுக்கிறார்கள். ஆதாரம், தேதி நேரத்தோடு முப்பத்துநான்கு புகைப்படங்கள்.

தன் போனில் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். எல்லாம் ஒன்றே போல இருந்தன. ரோஜாச் சுவர், வெள்ளை விரிப்பு, நூல் பிடித்த தலையணை. கன்னியப்பன் முதலில் படங்களின் நேர்த்தியைத்தான் பார்த்தார். பிறகுதான் ஒவ்வொன்றின் கீழும் இருந்த தேதியையும் நேரத்தையும் படித்தார்.

சைபுன்னிசா போனைப் பிடுங்கினாள். "இது என் பெட்டு. யா அல்லாஹ், நான் எந்திரிச்சிப் போயி மூணு மணி நேரந்தான் ஆவுது, காலிங்கறான். வக்கீல் சார், மூணு மணிக்கு வேலைக்குப் போனவ ஆறு மணிக்கு அங்க எப்பிடிப் படுத்திருப்பா?"

"நீங்க படுத்ததுக்கு ப்ரூஃப் இருக்குதாங்க?"

எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். முத்தம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் வெந்து வெடித்திருந்த குதிகாலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவரு சொல்லலாம்," என்றார் ஜான்சன் தயங்கி. "உள்ள வுட்டேன், தொறந்து வுட்டேன்னு எழுதிக் குடுத்தா கோர்ட்ல போடலாம். ஆனா வேல போயிடும்."

சைபுன்னிசா கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, கடவுள் புண்ணியத்துல ஒரு வேலைய ஒழுங்கா செய்யாம இருந்திருக்கக் கூடாதா? ஒரு நாளாச்சும் பெட்ஷீட்ட கசங்கலா வுட்டிருந்தா நாங்க பொழச்சிருப்போம்."

யாரோ சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை எழுதிக் கொடுப்பதற்கு முன் தேவநாதனைப் போய்ப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவரே திருத்திவிடுவார் என்று ஒரு நப்பாசை. மேஜை மேல் 'சிறந்த நகர்ப்புறச் சேவை' என்று ஒரு கண்ணாடிக் கேடயம் புதிதாக நின்றது. தேவநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்பா, ரூல்ஸ் எதுக்கு இருக்குது? நைட்டு மூணு மணிக்கு லேடீஸ வெளிய அனுப்பியிருக்கிற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு ரெஸ்பான்சிபிள்?"

"அவங்க பொறந்ததுலருந்து அந்த நேரத்துக்குத்தாங்க போறாங்க."

"அது அவங்க பர்சனல். நம்ம ஷெல்டர்லருந்து போனா அது நம்ம லயபிலிட்டி." சற்று யோசித்தார். முகம் மெதுவாகத் தெளிந்தது. "அப்போ டெய்லி பதினோரு பேர் வந்து நல்லாத் தூங்கியிருக்காங்க, அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா. நல்லாத் தூங்கினாங்க."

"எழுதிக் குடு. தாராளமா எழுதிக் குடு."

அவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்ததில் கன்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. திண்டிவனம் போய் ஜான்சன் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது முத்தம்மாளுக்கு அரை கிலோ ஜாங்கிரி வாங்கினார். வேலை போனால் போகட்டும், தார்ப்பாய் நிற்கும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவரைத் தார்ப்பாய் வியாபாரி என்று அவன் நினைத்திருக்க வேண்டும். மீட்டர் என்ன விலை என்று கேட்டான்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஜான்சன் இந்த முறை வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். ஆக்கிரமிப்பாளர்களின் சாட்சியே, தங்குமிடம் வசதியாக, பாதுகாப்பாக, நிம்மதியாக உறங்கும்படி இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டார். ஆகவே மாற்றிடம் தயார் என்பதில் இனி ஐயம் இல்லை. விதியை மீறிய காவலாளி மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். ஆக்கிரமிப்பை ஏழு நாளில் அகற்றலாம்.

"அறுவத்தோரு பேரு, இருவத்துநாலு கட்டிலுன்னு நான் கேட்டேங்க," என்றார் ஜான்சன். "அதுக்கும் அவங்க பதில் ரெடியா வெச்சிருந்தாங்க. மூணு மணிக்கு எழுந்திரிக்கறவங்க எடத்துல அடுத்த ஆள் படுத்துக்கலாமாம். ரெண்டு ஷிப்ட்."

"கட்டிலு காலியா இருந்தா நாங்க வர மாட்டேங்கறோமாம்," என்றாள் சைபுன்னிசா. "ஆள் இருந்தா வசதியா இருக்கறோமாம். அப்போ நாங்க எப்பிடிப் படுத்தா சார் வூடு குடுப்பாங்க? செத்தா?"

ஜான்சன் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். கன்னியப்பன் முத்தம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் எதையாவது சொல்லித் திட்டினால் நன்றாக இருக்கும் என்று வெகுநேரம் காத்திருந்தார்.

"நான் நல்லதுன்னு நெனச்சித்தான்..."

"தெரியும்யா," என்றாள். "நீ எப்பவும் அதத்தானே நெனப்ப."

ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. தேவநாதன் வெள்ளைச் சட்டையில் வந்து ஒலிபெருக்கியில் எல்லோரையும் பயனாளிகள் என்று விளித்தார். போலீஸ் இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, வீடியோ எடுப்பவர் இருந்தார். உப்பளத்திலிருந்து அப்போதுதான் கரையேறிய பெண்கள், காலில் உப்பு பூத்தபடி நின்று பார்த்தார்கள். தார்ப்பாயைத் தாங்கிய கொம்புகள் பெரிதாகச் சத்தம் போடாமல் ஒடிந்தன. தார்ப்பாய்கள் சுருட்டப்பட்டன, அரசுச் சொத்தில் கட்டப்பட்டதால் அவையும் பறிமுதல். அண்டா, குடம், துணி மூட்டை, ஒரு தையல் மெஷின், இரண்டு குர்ஆன் பலகை, முருகன் படம் எல்லாம் சாலையோர மணலில் வரிசையாக வந்து சேர்ந்தன. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரிசார்ட்டின் மாடியில் ஒருவர் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தார்.

"பெருமுக்கல்ல பூவிழி வூட்டுக்குப் போயிடலாமா?" என்றார் கன்னியப்பன்.

"மக வூட்லயே பதினஞ்சிக்குப் பத்து அடில ஏழு பேரு கெடக்கறாங்க. சும்மா இருய்யா."

மேற்கே வானம் கறுத்து வந்தது. காற்று திசை மாறி, கால்வாயின் சேற்று வாடையைத் தூக்கிக்கொண்டு வந்தது. பருவத்தின் கடைசி உப்பு, வரப்பு நெடுகப் பத்துப் பன்னிரண்டு அம்பாரங்களாகக் குவிந்து வெள்ளையாக நின்றிருந்தது. தூரத்து வரப்பிலிருந்து மேஸ்திரி கலியபெருமாள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"ஏய் பொம்பளைங்களா! வேடிக்க பாக்கறீங்களே! மழ வருது, அம்பாரத்த மூடுங்க! எல்லாம் கரைஞ்சி ஓடிடும்!"

ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு முத்தம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள். சைபுன்னிசா தலை முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். ஒருத்தி பின் ஒருத்தியாகக் கரையிறங்கி ஓடினார்கள். முதலாளியின் கொட்டகையில் பின்னி அடுக்கி வைத்திருந்த புதுக் கீற்றுகளைத் தலைமேல் சுமந்து வரப்பில் ஓடி வந்தார்கள். கன்னியப்பன் சாமான்களுக்குக் காவலாகச் சாலையோரத்திலேயே நின்றார். புகை படிந்த கண்ணை மூடிக்கொண்டு மற்றொன்றால் பார்த்தார். முத்தம்மாள் உப்புக் குவியலின் உச்சிக்கு ஏறி, ஒரு கீற்றின் மேல் அடுத்த கீற்று ஒரு முழம் ஏறும்படி, கீழிருந்து மேலாக வேய்ந்துகொண்டு வந்தாள். ஒரு சொட்டு உள்ளே இறங்காதபடி ஓரங்களைத் தட்டினாள், கயிறு போட்டாள், கயிற்றை இழுத்துக் கல்லில் கட்டச் சொல்லிக் கீழே நின்றவளை அதட்டினாள். முதல் தூறல் விழுந்தபோது பாதி அம்பாரங்கள் மூடியிருந்தன. மழை வலுத்தது. கன்னியப்பனைச் சுற்றி மணலில் வாய் திறந்து கிடந்த அண்டாக்களிலும் குடங்களிலும் குண்டான்களிலும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஓசையாக, தண்ணீர் விழத் தொடங்கியது.