உறையாத பால்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்ததற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைகளை மல்காந்தி கடைசி வரை ஒழுங்காக விழுங்கினாள். கால் ஆறியது. வயிறு கெட்டது. எதைத் தின்றாலும் தங்கவில்லை. அதைவிட மோசம், பசி என்பதே இல்லாமல் போனது. திஸ்ஸமகாராம சாலையோரத்துத் தயிர்க்கடையில் சிரித்தபடி தயிர் உறைந்த மண்முட்டிகளை எடுத்துக் கொடுப்பாள். உள்ளே ஒரே நினைப்பு. அம்மா வயிற்றில் கட்டி வந்துதான் போனாள். அவளுக்கும் முதலில் பசிதான் போனது.

சோதித்துப் பார்த்த டாக்டர், "பயப்பட ஒண்டும் இல்ல. குடல்ல நல்ல கிருமியும் இருக்கு. மருந்து அதையும் சேத்து அழிச்சிட்டுது. மெல்லத் திரும்பி வரும், பொறுங்க" என்றார். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். மல்காந்தி நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து முட்டிகளில் பால் உறைய மறுத்தது. உறைத் தயிரை இரட்டிப்பாக விட்டாள். மறுநாளும் பால் பாலாகவே ஆடியது.

பக்கத்துத் தயிர்க்கடைச் சீலவதி எட்டிப் பார்த்தாள். "என்னடி, தயிர்க்கடைய மூடிட்டுத் தேத்தண்ணிக்கடை போடப்போறியா?"

"உறையே பிடிக்குதில்ல அக்கே."

"எருமைக்கு ஊசி கீசி போட்டதா?"

மல்காந்தியின் புருஷன் விமலதாச கழுத்தைச் சொறிந்தான். "ஒண்டுக்கு மடி வீங்கியிருந்துது. ஊசி போட்ட மாட்டு டாக்டர் அந்தப் பாலைச் சேக்க வேணாம் எண்டவர். ஒரு எருமைதானே எண்டு..."

"அட கெடுவானே! மருந்து கலந்த பால்ல உறை எப்படி உயிரோட இருக்கும்? வாளியால ஊத்தினாலும் செத்துத்தான் போகும்."

மல்காந்தி முட்டிக்குள் பார்த்தபடியே நின்றாள். பால் திரியவில்லை. நாற்றம் இல்லை. அதில் குடியிருக்க வேண்டியவர்கள் இல்லை, அவ்வளவுதான். கை தானாக வயிற்றுக்குப் போனது. ஆளில்லாத வீடு. அம்மாவின் நோய் இல்லை இது. டாக்டர் சொன்னபோது காதோடு நின்றது இப்போது உள்ளே இறங்கியது.

மறுநாள் விமலதாச மருந்துக்கடையிலிருந்து அதே குளிசை அட்டையோடு வந்தான். "இதப் போடு, வயிறு கட்டும்."

"பாலைக் கெடுத்தது போதாதா? என் வயித்தையும் ஒருக்காக் கெடுக்கணுமா? கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க!"

சீலவதி சிரித்த சிரிப்பில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்திருப்பது எளிதாக இல்லை. கஞ்சி, வாழைப்பழம், சீலவதி கொடுத்த தயிரில் கொஞ்சம். ஒரு நாள் வயிறு அடங்கும், மறுநாள் ஏமாற்றும். பழைய பயம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் 'ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று தனக்கே சொல்லிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் வேலிக்கு அப்பால் சீலவதி வீட்டில் கருவாடு பொரிந்தது. மல்காந்தியின் வாயில் எச்சில் ஊறியது. வயிற்றுக்குள் ஏதோ சுருண்டு இழுத்தது. வலியோ என்று திடுக்கிட்டாள். பிறகு அடையாளம் கண்டுகொண்டாள். தட்டோடு வேலிக்கு ஓடினாள்.

"உனக்கு ஆகாதடி!"

"போடுங்க அக்கே!"

பொழுது சாய்ந்தது. வயிறு அமைதியாக இருந்தது. வீட்டுக்கு வந்த விமலதாச பானையைத் திறந்து பார்த்தான். "எனக்குச் சோறு எங்க?"

"நான் தின்னுட்டன்," என்றாள் மல்காந்தி. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.