அளந்தது மட்டும்

"ஸ்பைரோமெட்ரி எடுத்துடுங்க" என்று டாக்டர் சீட்டில் கிறுக்கிக்கொண்டே சொன்னபோது, குப்பம்மா காதில் விழுந்தது 'பேட்டரி'. அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? காசிமேட்டில் முப்பது வருஷம் விசைப்படகு எஞ்சினோடு மாரடித்த அவள் புருஷன் ராமதாஸுக்கும் அப்படித்தான் விழுந்தது. எஞ்சின் ரூம் புகை மொத்தமும் அவர் நெஞ்சுக்குள்தான் குடியேறியிருந்தது. பேட்டரி படுத்துவிட்டால் கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் போடுவார்கள், படகு மறுபடி ஓடும். மனுஷனுக்கும் அது வந்துவிட்டதாக்கும் என்று ஒரு வாரமாக இரண்டு பேரும் பூரித்துக் கிடந்தார்கள். மறுபடி கடலுக்குப் போக அவருடைய பழைய கைலி இரண்டைத் துவைத்து மடித்துக்கூட வைத்துவிட்டாள் குப்பம்மா.

டெஸ்ட் எடுத்த பெண்ணின் பெயர் ரேச்சல். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, மூன்று தரம் ஊதச் சொன்னாள். ராமதாஸ் இருமி இருமி ஊதி முடித்தார்.

"எப்பம்மா பேட்டரி வெப்பீங்க?"

"என்ன பேட்டரி?"

"அதாம்மா, ஸ்பைரோ பேட்டரி."

ரேச்சல் சிரிக்கவில்லை. "பேட்டரி இல்லைய்யா, மெட்ரி. கிரேக்க பாஷையில 'மெட்ரான்'னா அளவு. தெர்மாமீட்டர், ஆட்டோ மீட்டர் எல்லாத்துக்கும் வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறது அதுதான். மெட்ரின்னா அளக்குறது. உங்க மூச்சை அளந்தோம்."

"அளந்துட்டு?"

"ரிப்போர்ட் எழுதுவோம்."

"ரேசன் கடைல அளந்தா பைல கொட்டுவான். நீங்க அளந்துட்டு சும்மா வுட்டா இன்னாம்மா அர்த்தம்?"

அவள் திரையைப் பார்த்தாள். "இருக்க வேண்டியதுல முப்பத்தொண்ணு சதவீதம்தான் இருக்குய்யா. போனது திரும்ப வராது. மருந்தை விடாதீங்க. கடலை மறந்துடுங்க."

ராமதாஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கிரேக்கத்திலிருந்து அத்தனை தூரம் கடல் தாண்டி வந்த வார்த்தை, வெறுங்கையை வீசிக்கொண்டா வரும்? எண்ணூர்ப் பக்கம் ஆலைப் புகை மண்டிய காற்றைக்கூடத்தான் அளக்கிறார்கள். அளந்து என்ன கிழித்தார்கள்?

வெளியே பெஞ்சில் குப்பம்மா காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"போட்டாங்களாய்யா?"

அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

"போட்டாங்க" என்றார்.

"அப்ப ஆட்டோ இன்னாத்துக்கு? நட, பாலம் ஏறியே வூட்டுக்குப் போலாம்."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ராமதாஸ் ரயில் பாலத்தின் படியில் கால் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குப்பம்மா விறுவிறுவென்று முன்னால் ஏறினாள். பதினோராவது படியில் அவருக்கு நெஞ்சை அடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போதாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொல்வதற்கு மூச்சு வரவில்லை.

மேலே நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் குப்பம்மா.

"மொதோ நாளு அப்டித்தான் இருக்கும். சார்ஜ் ஏற வேணாமா? வா, வா."