குரலுக்கு விசா வேண்டாம்

எட்டு வருஷமாக அக்காவைப் பார்க்காத டிரம்மருக்கு ஒரே வழி அவள் ஊரில் நடக்கவிருந்த கச்சேரிதான். அக்கா கல்யாணம் கட்டிக்கொண்டு போன நாடு பக்கத்து நாட்டின்மேல் குண்டு போட ஆரம்பித்ததிலிருந்து சாதாரண ஆளுக்கு அங்கே விசா கிடையாது. இசைக்குழு என்றால் உண்டு. பட்டியலில் இவன் பெயரும் இருந்தது. அக்கா மகனுக்கு, அளவு தெரியாமலே, சட்டைகூட வாங்கிவிட்டான்.

அப்போது பார்த்து குழுவின் பாடகருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. கையில் ரத்தக்கறை உள்ள நாட்டில் பாட மாட்டேன் என்று கேமரா முன்னால் கண் கலங்கினார். குழுவில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. இவனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் குண்டில் செத்த குழந்தைகளின் படங்களை இவனும் பார்த்திருந்தான். அவர் செய்தது சரிதான் என்று அக்காவிடம் இவனே ஃபோனில் வாதாடினான். அக்கா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, சரிடா என்றாள். சட்டை பீரோவுக்குள் போனது.

ரெண்டு மாசம் கழித்து, பழைய பாட்டுகளுக்குப் புதுசாக டிரம்ஸ் பதிவு என்று ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினான். தாளத்துக்கான டிக் டிக்கும் பாட்டும் மட்டும்தான் காதில் வர வேண்டும். பேச்சு இருந்த டிராக்கை ஒலிப்பதிவாளர் மூட மறந்துவிட்டார். அதில் அக்கா இருக்கிற ஊரின் பெயரைச் சொல்லி, தேன் ஒழுகப் பாடகர் பேசினார்.

"நேர்ல வர முடியல. திரையிலதான் பாடுறேன். ஆனா என் உசுரு உங்ககிட்டதான் இருக்கு."

டிரம்மர் எழுந்து வெளியே வந்தான். பாடகர் சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு அவர் மழுப்பக்கூட இல்லை.

"சொன்ன சொல்லைக் காப்பாத்துறேன்ப்பா. நான் போகலையே, குரல்தானே போகுது."

"உங்க குரலுக்கு விசா வேண்டாம் சார். எனக்கு வேணும்."

"அதனாலென்ன, உன் அக்காவும் வந்து நீ வாசிக்கிறதைக் கேக்கட்டுமே."

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. கூடாது என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கினவன் அவன். நல்ல பேரையும் வாங்கிக்கொண்டு கச்சேரியையும் நடத்துகிற வித்தை அவனுக்கு வராது. குச்சிகளைப் பைக்குள் திணித்தான். வேற ஆளைக் கூப்பிட்டுக்குவேன் என்றார் பாடகர். தாராளமா கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்தினான்.

தெருவில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டான். அன்று காலையில்தான் அங்கே திரைக் கச்சேரிக்குப் போஸ்டர் ஒட்டினார்களாம். தம்பியைப் பார்க்க முடியாவிட்டாலும் அவன் வாசிப்பையாவது கேட்கலாம் என்று அவள் அடித்துப்பிடித்து முன்வரிசை டிக்கெட் வாங்கியிருந்தாள். அவன் ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

"நான் வாசிக்கலக்கா. இன்னைக்குத்தான் நிஜமா வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

அந்தப் பக்கம் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

"நானும் போகலடா" என்றாள் அக்கா. "பேட்டியெல்லாம் குடுக்க மாட்டேன்."