திரும்பும் வழிக்கு ஒரு பெயர்

மாமியாரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு, அவள் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்தாள். மாமியார் என்பதும் பழக்கதோஷம்தான். விவாகரத்தாகி, மகன்காரன் வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டான். அம்மாக்காரி அவனோடு போகவில்லை. போகச் சொல்ல இவளுக்குத் தோன்றவில்லை. இருக்கச் சொல்லவும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாக எதுவுமே தோன்றுவதில்லை. காலையில் நர்ஸ் உறவு கேட்டபோது இவள் விழிக்க, அந்த அம்மாள்தான் முந்திக்கொண்டு, "நான் இவ வீட்ல இருக்கேன்" என்றார்.

வேலை, ஒரு முதியோர் இல்லத்துக்கான மென்பொருள். ஒவ்வொரு முதியவரிடமிருந்தும் வெளியாட்களுக்கு இரண்டு இணைப்புகள்: சேர்த்துவிட்டவர் ஒன்று, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் ஒன்று. முதியவரிடமிருந்து அந்த ஆளுக்குப் போகும் வழிக்குப் பெயர் இருந்தது. அந்த ஆளிடமிருந்து முதியவருக்குத் திரும்பி வரும் வழிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. நிரல் தானாகவே திரும்பும் வழி இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, எது எதுவென்று தெரியாமல் ஓட மறுத்தது.

கூட வேலை செய்பவன் போனில் சிரித்தான். பிறக்கிற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு யோசிக்க மாட்டார்களாம்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு தேடப்போறா? பேர் வைக்கிற எடத்துல ஒரு ப்ளஸ் போட்டுடுங்க. திரும்புற வழியே இருக்காது."

சேர்த்துவிட்டவரிடமிருந்து திரும்பும் வழிக்கு 'சேர்க்கப்பட்டவர்கள்' என்று வைத்தாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரிடமிருந்து திரும்புவதற்கு 'இவரை நம்பி இருப்பவர்கள்' என்று அடித்துப் பார்த்து, அழித்து, ப்ளஸ் போட்டாள். ஓடியது. மூடி வைத்தாள்.

நர்ஸ் வந்தாள். பித்தப்பைக் கல்லை எடுத்தாயிற்று, மயக்கம்தான் தெளியவில்லை என்றாள். "பயப்பட ஒண்ணுமில்ல. பழகின குரல் கேட்டா முழிச்சுப்பாங்க. வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க."

கட்டில் பக்கம் போய் நின்றாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 'அத்தை' நாக்கில் ஏறவில்லை. சாப்பாடு வெச்சிருக்கு, மாத்திரை போட்டாச்சா என்று விளியில்லாமலே ஒப்பேற்றி வந்திருந்தாள். 'அம்மா' என்றால் பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி இருக்கும்.

"கூப்பிடுங்க" என்றாள் நர்ஸ்.

குனிந்தாள். பச்சைத் தொப்பிக்கு வெளியே ஒரு நரைக்கற்றை கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள். மூச்சுத்தான் வந்தது. மூடிய இமைகள் அசையவில்லை. ஆனால் ஊசி குத்தியிருந்த கை மட்டும் மெல்ல நகர்ந்து, கட்டில் விளிம்பைத் தடவித் தடவி எதையோ தேடியது.