ஒன்றரை மணி நேர மாமன்

என் அக்கா மகளின் நிக்காஹ் நேரத்தைத் தப்பாகக் குறித்தது நான்தான். கொண்டோட்டியில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். ஷார்ஜாவிலிருந்து கரிப்பூர் விமான நிலையம் ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், நாலு மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரில்தான், பெண்ணின் அப்பா, அதாவது என் அக்கா புருஷனான அளியன் குஞ்ஞலவி, அங்கே பத்தரைக்கு ஏறினால் இங்கே இரண்டரைக்கு இறங்குவார் என்று வாயாலேயே கணக்குப் போட்டு, நிக்காஹை நாலு மணிக்கு வைக்கச் சொன்னேன். நம் கடிகாரம் ஷார்ஜாவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதை ஊரிலுள்ள எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன், சொந்த வீட்டு டிக்கெட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டரைக்கு அத்தர் பூசிக்கொண்டு விமான நிலைய வாசலில் நின்றேன். பலகையில் நாலு மணி என்றிருந்தது.

"பிளைட் ஒன்றரை மணி நேரம் லேட்டா? கேக்க ஆளே இல்லையா?" என்று டாக்ஸிக்கார உசைனிடம் பொங்கினேன்.

"லேட்டா? அது சரியான நேரத்துக்குத்தான் வருது இக்கா. நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க."

அப்போதுதான் அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு உறைத்தது.

இருபத்து நாலு வருஷமாக ஷார்ஜாவில் கடை நடத்தும் அளியன், மகள் பிறந்ததையே போனில்தான் கேட்டவர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருகிறார். பெட்டி எடுத்து வீடு சேர ஐந்தேகால் ஆகும். மாப்பிள்ளை வீட்டார் காசர்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நாலரைக்குள் கிளம்புவதாகப் பேச்சு.

வீட்டுக்கு ஓடினேன். நிக்காஹ் நடத்த வந்திருந்த உஸ்தாத் தாடியைத் தடவினார். "விமானம் இறங்கினதும் அவர் போன்ல ஒரு வார்த்தை சொன்னா, அவருக்குப் பதிலா நீங்களே கைபிடிச்சுக் கொடுக்கலாம்."

"செய்யலாமா உஸ்தாதே?"

"செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்."

தப்புச் செய்தவனுக்கே மாலை மரியாதை! மாப்பிள்ளையின் பெரியப்பா ஹாஜியாரிடம், கொஞ்சம் காத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"நாங்க என்னத்த சொல்ல? பொண்ணு வீட்டு இஷ்டம்," என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

அக்கா சைனபாவிடம் போனேன். "என்ன செய்யலாம் இத்தாத்தா?"

"பிரியாணி தம்மைத் திறந்துட்டாங்கடா."

"அதில்ல, நிக்காஹ்..."

"டிக்கெட் கடைக்காரன் நீதான. என்னைக் கேக்குற?"

இத்தனை பேரிடம் கேட்டவன், கல்யாணப் பெண்ணிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கம் நிக்காஹ் ஆண்கள் சபையில் நடக்கும். பெண் உள்ளறையில் இருப்பாள், கேட்கும் பழக்கமும் இல்லை. வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினேன். ரம்ஷீனா பட்டும் பொன்னுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கைபிடிச்சுக் கொடுக்கட்டுமா மோளே? இல்ல, உப்பா வரட்டுமா?"

அவள் யோசிக்கவே இல்லை.

"நீங்க வேண்டாம் மாமா. உப்பா வரட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு அவசரம்னா போகட்டும். நான் இங்கேயேதான் இருப்பேன்."