நஸ்மியாவின் விவர அட்டை

2024 ஜூன் மாதத்திலிருந்து உக்குவளைத் தையல்காரி நஸ்மியா எந்தச் சுவரோரம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும், அந்தச் சுவரில் அவளுடைய தோளுயரத்துக்கு ஒரு விவர அட்டை முளைத்துவிடும். உள்ளங்கை அகலம், வெள்ளை நிறம்; மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். அரசாங்கக் கடிதங்களில் காணக் கிடைக்காத பிழையற்ற தமிழ் அதில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சீமெந்துச் சுவர், பலகைச் சுவர், தகரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். முளைத்த புதிதில் எழுத்து ஈரமாக இருக்கும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அவள் எழுந்து போன கால் மணித்தியாலத்தில் அட்டை மறையும். அண்ணன் பலீல் மிளகு வியாபாரி, விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் என்பதால் முதல் சில வாரங்கள் வீட்டில் யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

அது அவளோடு வந்தது நூதனசாலையிலிருந்து. றத்தோட்டைப் பாதையில் பூட்டிக் கிடந்த கொக்கோ ஸ்டோர் ஒன்றைக் கொழும்புக்காரர் ஒருவர் வாங்கி, வெள்ளையடித்து, சிறிய நூதனசாலையாக்கியிருந்தார். ஆண்களை நேசிக்கும் ஆண்களும் பெண்களை நேசிக்கும் பெண்களும் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களும் வரைந்த படங்கள் அந்த ஜூனில் மூன்று வாரம் அங்கே தொங்கின. வாசலில் ‘அக்கம்பக்கம்’ என்று மட்டும் எழுதியிருந்ததால், வீட்டுத்தோட்டப் படங்களாக்கும் என்று நினைத்து ஊர் பேசாமல் இருந்துவிட்டது. நஸ்மியா போனது றாபியாவோடு. றாபியா பல்லேபொலையில் சாதிக்காய் காயவைத்து விற்கிறவள், விவாகரத்தானவள். ஒன்பது வருடமாக வியாழன்தோறும் துணி தைக்கக் கொடுக்கும் சாக்கில் பஸ் ஏறி வருவாள். இத்தனை துணியைத் தைத்து இவள் என்னதான் செய்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அன்று லேஸ் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னார்கள், லேஸும் வாங்கினார்கள். பொய்யைப் பாதி உண்மையாக்கி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்து வெகுகாலம்.

இரண்டு வயதான பெண்கள் பத்திரிகைத்தாளை விரித்து ஒருத்திக்கு ஒருத்தி கால் நகம் வெட்டிவிடும் படத்தின் முன்னால் நஸ்மியா வெகுநேரம் நின்றாள். படம் அவளைப் பயமுறுத்தவில்லை. கீழே இருந்த அட்டைதான் பயமுறுத்தியது. பெயர்கள், பிறந்த வருடங்கள், துணியில் எண்ணெய் வர்ணம், மூன்றடிக்கு இரண்டடி, ‘இவர்கள் இருபத்திரண்டு வருடமாக ஒன்றாக வாழும் காதலர்கள்’. மூன்று மொழியில், யாரும் படிக்கும்படி. அதுவரை தன்னைப் பற்றிக் கேட்டால் பலீலின் தங்கை, தையல்காரி என்று சொல்வாள். மிச்சத்துக்குப் பெயர் இல்லாததால் அது யார் கண்ணிலும் படாது என்று நம்பியிருந்தாள். வெள்ளைக்காரன் ஆண்களை நினைத்து எழுதிவிட்டுப் போன சட்டத்தில் நம்மவர்கள் பிற்பாடு பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பெயரில்லாததை எந்தச் சட்டம் பிடிக்கும் என்பது அவளுடைய கணக்கு. இப்போது பெயர் சுவரில் இருந்தது. வெறும் சுவரோரம் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். அங்கேதான் முதல் அட்டை முளைத்தது: ‘நஸ்மியா, 1988’. அதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்து றாபியா சிரித்தாள்.

போகப் போக வரிகள் கூடின. ஜூலையில் ‘இரத்தமும் சதையும், ஐந்தடி இரண்டங்குலம்’. செப்டெம்பரில் ‘தையல்காரி’. நவம்பரில் ‘ஒருவரை ஒன்பது வருடமாக நேசிக்கிறவர்’. அடுத்து வரப்போவது பெயர்தான் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நஸ்மியா உட்காருவதை விட்டாள். சோறு நின்றபடி. தையல் மெஷினை முற்றத்து நடுவுக்கு இழுத்துப் போட்டு வெயிலில் தைத்தாள். கல்யாண வீட்டுக்குப் போனால் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், வேலைக்காரப் பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். கால் வீங்கி நரம்பு புடைத்தது. பயம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது, எழும்பவில்லை. டிசெம்பரில் றாபியாவை இனி வர வேண்டாம் என்று சொன்னாள்.

“சுவருக்குப் பயந்துகிட்டா என்னைய வர வேணாங்கிறே?” என்று றாபியா கேட்டாள்.

“சுவருக்கில்ல, வாசிக்கிறவங்களுக்கு.”

றாபியா துணிப் பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் எதுவும் நடக்கவில்லை.

மார்ச் மாதம் பலீல் தங்கைக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான். கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் பலீல் அதிகம் பேசாதவன். உம்மா வாப்பா மௌத்தான பிறகு தங்கையை வளர்த்தவனும் அவன்தான். மாப்பிள்ளை அன்ஸாப், மனைவியை இழந்தவர். அவருடைய உம்மாவும், தாத்தா என்று அவர் கூப்பிடும் மூத்த சகோதரியும் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டு முன்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, சுவரோடு சேர்த்து நாற்காலிகள் போட்டிருந்தன. நஸ்மியா நின்றாள். மாப்பிள்ளையின் உம்மா அவளுடைய காலைப் பார்க்கத் தொடங்கியதும் பலீலின் மனைவி ஆஸியா, “உக்காருங்க மச்சி, கால்ல ஏதோ கொறையின்னு நெனச்சிருவாங்க” என்று காதில் சொல்லி, தோளைப் பிடித்து அழுத்தினாள். நஸ்மியா உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். ஐந்தாவது நிமிடம் சுவர் வெளுத்தது. வந்தவர்கள் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பலீல் எழுந்தான், தேநீர்க் கோப்பையோடு வந்தான், அட்டைக்கு முதுகைக் கொடுத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் அந்த அட்டையை முன்பு எப்போது, எத்தனை தரம் படித்திருந்தான் என்பது இன்றுவரை தெரியவில்லை.

“நானா, நீங்களும் உக்காருங்களேன்” என்றாள் மாப்பிள்ளையின் தாத்தா.

“இல்ல, முதுகு வலி. இப்பிடி நிண்டாத்தான் சுகம்.”

முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்றான். பிறகு வந்தவர்களை வழியனுப்ப முன்னால் நடந்து கதவைத் திறந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில் அட்டை முழுவதும் பதிந்திருந்தது, கண்ணாடி எழுத்தாக அல்ல, நேராக, மூன்று மொழியிலும். நவம்பர் வரியில் ‘ஒருவரை’ இருந்த இடத்தில் ‘பல்லேபொலை றாபியாவை’ என்று இருந்தது. மாப்பிள்ளையின் உம்மா தமிழில் படித்தார், தாத்தா சிங்களத்திலும் ஒரு தரம் சரிபார்த்தாள். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அந்தச் சட்டையை ஆஸியா மூன்று தரம் துவைத்தாள். சவர்க்காரம், தேசிக்காய், வெளுப்புத் தூள். எழுத்து இன்னும் தெளிவானது. பலீல் நான்கு நாள் விடியமுன் மிளகு வாங்கப் போய் இரவில்தான் திரும்பினான். நஸ்மியா அறைக்குள் ஒரு பையில் உடுப்பை அடுக்கி வைத்துவிட்டு, போ என்ற சொல்லுக்காகக் காத்து நின்றாள். வெள்ளிக்கிழமை பலீல் குளித்து, தொப்பி போட்டு, கொடியிலிருந்து அதே சட்டையை எடுத்து மாட்டினான்.

“வேற சட்ட இல்லையா?” என்று ஆஸியா கேட்டாள்.

“இருக்கு.”

பேக்கரியையும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தையும் கடந்து அவன் பள்ளிவாசலுக்குப் போனான். எப்போதும் போல முதல் வரிசையில் நின்றான். பின்னால் ஊரே நின்றது. தொழுகை முடிந்ததும் இருவர் அவனுக்கு ஸலாம் சொல்லவில்லை, ஒருவர் சொன்னார், மற்றவர்கள் செருப்புத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். வீட்டில் நஸ்மியா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவன் முழுசாகத் திரும்பி வருவானா என்று அவளுக்குத் தெரியாது. பாதையில் யார் சத்தமாகப் பேசினாலும் அவளுடைய உடம்பு தூக்கிப் போட்டது. ஒன்றரை மணிக்குப் பலீல் வந்தான். சட்டையைக் கழற்றப் பார்த்தான், முடியவில்லை. பொத்தான் பிடிக்காத அளவுக்கு விரல்கள் நடுங்கின. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கைகளைக் கீழே விட்டான். நஸ்மியா கிட்டே போய்ப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள்.

பின்னேரம் சட்டையைத் துவைத்துக் காயவைத்தாள். எழுத்தில் சூடு படாமலிருக்க உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு, அடுத்த வெள்ளிக்காக அயர்ன் செய்து வைத்தாள்.