நாலு மணிக்குள் இருபது பேலட்

காலை பத்து மணிக்கு ரஞ்சித்தைப் போனில் திட்ட ஆரம்பித்தவள், பத்தேகாலுக்கும் நிறுத்தவில்லை. திண்டிவனத்தில் பழைய மெஷின் விற்கிறவன் அவன். முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அவன் கடையில்தான் அந்த நெயில் கன்னை வாங்கினோம். கம்ப்ரசர் காற்றில் ஆணி அடிக்கும் கருவி. எங்கள் கண்ணெதிரே நாலு ஆணி அடித்துக் காட்டினான். வளவனூரில் எங்கள் பட்டறைக்கு வந்த பிறகு ஒரு ஆணிகூட இறங்கவில்லை.

"செத்த மிஷினை எங்க தலையில கட்டிட்டியே. உன் கடை விளங்குமா?" என்று கேட்டேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் விடவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அன்று சும்மா பேசவில்லை. மாலை நாலு மணிக்கு ஒரு மாவு கம்பெனியின் குடோன் மேனேஜர் வேங்கடேசன் வருவதாக இருந்தது. மூட்டைகளுக்கு அடியில் போடும் மரத்தட்டை பேலட் என்பார்கள். அது வாராவாரம் நூறு வேண்டும் அவருக்கு. ஒரே நாளில் இருபது செய்து காட்டினால் ஆர்டர் எங்களுக்கு. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் ஜெகதீசன் மறுபடி சென்னைக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போக வேண்டும். போன தடவை போனபோது மாதத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருந்தார். இந்தத் தடவைக்கும் துணி அடுக்கிய பை பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பலகையெல்லாம் அறுத்துத் தயாராக இருந்தது. சுத்தியலால் அடித்தால் ஒரு பேலட்டுக்கு முக்கால் மணி நேரம். கன் வேலை செய்தால் ஏழே நிமிடம்.

என் வீட்டுக்காரர் நிதானமான ஆள். காற்றுக் குழாயைச் செருகிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். எங்கோ புஸ்ஸென்று ஒழுகியது. சோப்பு நுரையைத் தடவினார். பின்மூடி ஓரத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. கோளாறைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். குழாயைக் கழற்றிவிட்டு நாலு போல்ட்டையும் பிரித்தோம். உள்ளே ரப்பர் வளையம் கருவாடாகக் காய்ந்து வெடித்திருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மோட்டார் பம்பு சாமான் கடைக்கு ஸ்கூட்டியில் பறந்தேன். கடைக்காரர் ஒரு டப்பாவையே கவிழ்த்துத் தேடினார். ஆறாவது வளையம் அளவுக்குச் சரியாக இருந்தது.

மாட்டினோம். ஒழுகல் நின்றுவிட்டது. நான் கைதட்டினேன். அவர் கன்னை மரத்தில் அழுத்தி விசையை இழுத்தார். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தார். ம்ஹும். திரும்பவும் பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்கியது. கன்னுக்குள் மாட்டும் ஆணிச் சுருளும் சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவர் சுத்தியலை எடுத்தார். ஒரு மணிக்கு ஒரு பேலட்தான் முடிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ரஞ்சித்.

"கடையைச் சாத்திட்டு வர்றேன்க்கா. வர்றேன்னு போன்ல சொல்லலாம்னா, நீங்க பேசிக்கினே இருந்தீங்க."

வெடித்த வளையத்தைக் காட்டினேன். அது தன் தப்புதான், கம்ப்ரசர் சத்தத்தில் ஒழுகல் காதில் விழவில்லை என்று ஒத்துக்கொண்டான். பிறகு கன்னின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அங்கே ஒரு இரும்பு நாக்கு உண்டு. மரத்தில் அழுத்தும்போது அது உள்ளே போனால்தான் ஆணி வெளியே வரும். கை தவறி யார் மேலும் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. விரலால் தள்ளினான். நாக்கு அசையவில்லை. நகத்தால் சுரண்டினான். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. கூடவே சிவப்பும்.

"அக்கா, இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

நான்தான். எங்கள் வீட்டுக்குள் எந்த மெஷின் வந்தாலும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவேன். பொட்டு முகத்தில் வைப்பது. இதற்கு முகம் எது என்று யோசித்து, நுனியில் இரண்டு பக்கமும் தாராளமாக அப்பியிருந்தேன். அது நாக்கின் தடத்துக்குள் வழிந்து, விடிவதற்குள் இறுகிவிட்டது.

காலையிலிருந்து நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. என் வீட்டுக்காரர் திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லையென்று எனக்குத் தெரியும்.

ரஞ்சித் சிரிக்கவில்லை. வெந்நீரும் பழைய டூத் பிரஷும் கேட்டான். தேய்த்து, துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். நாக்கு உள்ளே போய் வெளியே வந்தது. குழாயைச் செருகினான்.

டப்.

ஆணியின் தலை பலகையோடு பலகையாக இறங்கியிருந்தது. நான் போட்ட கூச்சலில் தெருநாய் எழுந்து ஓடியது. மணி ஒன்றேகால்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நான் பலகை அடுக்க, அவர் அடிக்க, முடிந்ததை ரஞ்சித் தூக்கி வைத்தான். யாரும் சாப்பிடவில்லை. கால் மணி முன்னதாகவே வேங்கடேசன் வந்துவிட்டார். அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. மற்ற இரண்டும் அவர் கண்ணெதிரே முடிந்தன. ஒரு பேலட்டின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"மிஷின் பழசா இருக்குதே. நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

ஜெகதீசன் என்னைப் பார்த்தார். ரஞ்சித்தான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நான் வந்துடுவேன் சார். காலையில கூப்புட்டாங்க, வந்துட்டேன் பாருங்க."

நான் எங்கே கூப்பிட்டேன்? சாபம்தான் விட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு வேங்கடேசன் காரில் ஏறினார். கார் திரும்புவதற்குள் ரஞ்சித்திடம் சொல்லிவிட்டேன்.

"நான் பேசினது தப்புப்பா. மனசுல வச்சிக்காத."

அதெல்லாம் இருக்கட்டும், முதலில் சோறு போடுங்கள் என்றான்.

சுவரிலிருந்து சென்னைப் பையை எடுத்தேன். துணிகளை அப்படியே பெஞ்சின் மேல் கொட்டிவிட்டு, கன்னைத் துடைத்து அதற்குள் வைத்தேன். பிறகு வழக்கம்போல் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். இரண்டு ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள்.

பொட்டைப் பைக்கு வைத்தேன்.